குதிரைப் பெயரில் ஒரு பொத்தல்

தாம்பரத்தில் காலை மின்சார ரயில் ஏறுவோருக்கு நெரிசல் புதிதன்று. பெட்டியில் இடம் போதாமல் கூட்டம் ஓட்டுநர் அறைக்குள் புகுந்து கைப்பிடியைப் பற்றிவிட்டால் என்னாகும்? கணிப்பொறியின் நினைவகத்திலும் இத்தகைய விபத்து உண்டு.

2006-இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'வீ' என்னும் விளையாட்டுக் கருவி, நிறுவனத்தின் முத்திரை பெற்ற நிரல்களை மட்டுமே ஏற்கும். தாமே எழுதிய நிரலை அதில் இயக்க விரும்பிய ஆர்வலர், 2008-இல் 'செல்டா' விளையாட்டு வட்டில் ஒரு பொத்தல் கண்டனர். சேமிப்புக் கோப்பில் குதிரையின் பெயரை அளவுமீறி நீட்டினர். எழுத்துகள் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்தன. கருவி அவர்களது நிரலை இயக்கிற்று.

அச்சிட்ட வட்டைத் திருத்த இயலாது. எனவே நிறுவனம் வாயிலில் காவல் வைத்தது. 2008 ஜூனில் வந்த 3.3 பதிப்பு, அத்தகைய கோப்பைத் தேடி அழித்தது. ஆர்வலர் அதையும் ஏய்த்தனர். 2009 மார்ச்சில் 4.0 பதிப்பு அவ்வழியை அடைத்தது.

2018-இல் 'சுவிட்ச்' கருவியில் வெளிப்பட்ட பொத்தலோ சில்லிலேயே பதிந்திருந்தது. விற்றவற்றில் அடைக்க முடியவில்லை. புதிதாகச் செய்தவற்றில்தான் திருத்தினர்.

திருட்டுப் பிரதியைத் தடுக்கும் பூட்டு, கற்க விழையும் மாணவரையும் தடுக்கிறது. கருவியை வாங்கியவருக்குச் சாவியும் உரியதன்றோ?