ஓவியத்தின் ஓரமும் விருந்தினர் ஒப்பமும்

விழா முடிந்தபின் எஞ்சி நிற்பவை எவையென எண்ணிப் பார்த்தால், சில நிழற்படங்களும் வரவேற்பு மேசையில் வைத்திருந்த குறிப்பேடும் நினைவுக்கு வரும். அக்குறிப்பேடோ பெரும்பாலும் அலமாரிக்குள் அடங்கிவிடும். இதற்கு மாற்றாக ஒரு வழக்கம் பரவியுள்ளது. படமொன்றைச் சுற்றி அகன்ற வெள்ளை அட்டையை வைத்து, வந்தோர் அனைவரையும் அதில் ஒப்பமிடச் செய்து, பின்னர்க் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவர். பிரேம் கடைக்காரர் ‘மவுண்ட்’ என்று கூறும் அட்டையே இது. புதுமையாகத் தோன்றினும் இதன் வேர் ஆழமானது. கவிஞர்களின் அவைகளோடு பிணைந்தது.

கி.பி. 353ஆம் ஆண்டின் வசந்தத்தில், சீனத்தின் ஷாவோசிங் நகருக்கு அருகே எழுத்தோவிய வல்லுநர் வாங் ஷிச்சி நண்பர்களை அழைத்துக் கவியரங்கம் ஒன்று கூட்டினார். ஓடைக் கரையில் அமர்ந்தோருள் 26 பேர் 37 பாடல்கள் இயற்றினர். இயற்ற இயலாதோர் தண்டமாக மது அருந்தினர் என்பர். அத்தொகுதிக்கு வாங் ஷிச்சி வரைந்த முன்னுரையின் மூலச்சுவடி இன்றில்லை, படிகளே எஞ்சியுள்ளன. அப்படிகளின் ஓரங்களிலும் இணைப்புத் தாள்களிலும் பிற்காலத்து அரசரும் சுவைஞரும் தத்தம் முத்திரைகளைப் பதித்தும் குறிப்புகளை எழுதியும் சென்றனர். ஒரு நாள் கூடிய அவை, இவ்வாறு பல நூற்றாண்டுக் காலம் விருந்தினரை ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது.

சப்பானிய ஓவியம் ஒன்று நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஷோகன் அஷிகாகா யோஷிமோச்சியின் விருப்பப்படி, ஏறத்தாழ 1415இல் ஜோசெட்சு என்னும் துறவி ஓர் ஓவியம் தீட்டினார். வழுக்கும் கெளுத்தி மீனைச் சுரைக்குடுக்கையால் பிடிக்க முயலும் மனிதன் அதில் காணப்படுகிறான். ‘இது கூடுமா?’ என்னும் புதிருக்கு 31 சென் துறவியர் கவிதைகளால் விடையளித்தனர். முதலில் சிறு திரையொன்றில் அமைந்திருந்த படமும் பாடல்களும் பின்னர் ஒரே தொங்கு சுருளாக இணைக்கப்பட்டன. கீழே ஓவியம், மேலே 31 கைகளின் எழுத்து. கியோத்தோவின் தைசோ-இன் மடத்துக்கு உரிய அச்சுருள் இன்று சப்பானின் தேசியச் செல்வம். அவ்வெழுத்துகளை அகற்றிவிட்டு அந்த ஓவியத்தை எண்ணிப் பார்க்கவும் இயலாது.

எனினும் ஓவியத்தின் மீதே எழுதுவதில் ஓர் இடர் உண்டு. ஹுவாங் கோங்வாங் தீட்டிய ஃபூசுன் மலைக்காட்சியின் போலிப் படி ஒன்று 1745இல் பேரரசர் சியன்லோங்கின் கைக்கு வந்தது. அதனையே மூலமெனக் கருதிய அவர், வெற்றிடம் எல்லாம் நிரம்புமாறு அதன்மேல் மீண்டும் மீண்டும் எழுதினார். மறு ஆண்டு உண்மை மூலம் கிடைத்தபோது, அதனைப் படி என்று ஒதுக்கினார். அவ்வொதுக்கலே மூலத்தைக் காத்தது! இரண்டும் இன்று தைபேயின் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளன. எழுதும் கைக்கு ஓர் இடமும் ஓவியத்துக்கு ஓர் இடமும் வேறுவேறாக வகுக்கப்பட வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. அட்டையின் ஓரம் அப்பணியையே செய்கிறது.

ஐரோப்பாவில், 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவரிடையே நண்பர், ஆசிரியரின் கையெழுத்துகளைத் திரட்டும் நட்பேடு வழக்கம் தழைத்தது. ஆக்ஸ்பர்க் நகரின் கலைவணிகர் பிலிப் ஹைன்ஹோஃபர் தொகுத்த பேரேடு அவற்றுள் புகழ்பெற்றது. அவர் 1647இல் மறைந்தபின் அதனைப் பெற விழைந்து இயலாது போன டியூக் ஆகஸ்டின் பெயர் தாங்கிய நூலகம், 2020இல் 28 இலட்சம் யூரோவுக்கு அதனை வாங்கியது. அவ்வேட்டில் ஒப்பமிட்டோர் மன்னர், இளவரசர், பிரபுக்கள் எனத் தகுதி வரிசையில் அமைக்கப்பட்டனர் என்பது கருதத்தக்கது. ஏடு பக்கங்களால் ஆனது. முதற்பக்கம், கடைப்பக்கம் என்னும் ஏற்றத்தாழ்வு அதற்கு இயல்பு. ஒற்றை அட்டைக்கோ முதலும் இல்லை, கடையும் இல்லை.

தமிழ்க் கல்வெட்டுகளின் இறுதியில், உடன்பட்டோர் ‘எழுத்து’ என்று தம் ஒப்பத்தைக் குறித்தனர். எழுத அறியாதோர் இட்ட அடையாளம் ‘தற்குறி’ எனப்பட்டது. இன்று வசைச்சொல்லாகத் தேய்ந்துவிட்ட அச்சொல், அன்று ஒருவர் அவையில் தம் உடன்பாட்டை நிறுவிய குறி! எழுதாக் கைக்கும் சாசனத்தில் இடமளித்த மரபு நம்முடையது. கவிஞரின் நூலை வாங்கிப் பொட்டலமாய்ப் பொதிந்து வைத்திருக்கும் எழுத்தறியா அன்னைக்கு, அவர்தம் மகன் பாராட்டுப் பெறும் விழாவில் ஒப்பமிட இடமில்லை என்றால், அது நம் மரபுக்கே புறம்பு.

இனி, அட்டையை அமைக்கும் முறையைச் சுருங்கக் காண்போம். மலிவான மரக்கூழ் அட்டை அமிலத்தால் பழுப்பேறும். ஆதலின் அமிலமற்ற அட்டையே வேண்டும். 10க்கு 12 அங்குலப் படத்தைச் சுற்றி நான்கு புறமும் 4 அங்குல ஓரம் விட்டால் அட்டை 18க்கு 20 அங்குலமாகும். வெளிவிளிம்பின் ஒரு பகுதி சட்டத்துக்குள் மறையும். எனவே வெளியிலும் உள்ளிலும் அரை அங்குலம் விடுக. எஞ்சும் 180 சதுர அங்குலத்தில், ஒருவருக்கு இரண்டு வீதம், 90 பேர் ஒப்பமிடலாம். சாதாரணப் பேனாக்களின் சாயமை ஒளியில் மங்கும். நிறமி மை நிலைக்கும். மையை அட்டையின் பின்புறத்தில் முதலில் சோதித்தல் நன்று. விருந்தினர் எழுதும்வரை படத்தை வைக்காது, சாளரம் வெட்டிய அட்டையை மட்டும் மேசையில் கிடத்துக. விரற்பதிவின் மை உலர நேரமாகும். நன்கு உலர்ந்த பின்னரே கண்ணாடி இடுக. வெயில் படாச் சுவரே ஏற்றது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் இவ்விழாவிலேயே இதனைத் தொடங்கலாம். தலைவரும் சிறப்பு விருந்தினரும் முதலில் ஒப்பமிட்டு நடுவிடத்தைக் கொள்ள வேண்டுவதில்லை. வருவோர் வரும் வரிசையில் எழுதட்டும். நாற்காலி அடுக்குவோரும் தேநீர் வழங்குவோரும் அவ்வரிசையில் அடங்குவர். கையொப்பங்கள் பல படிக்க இயலாதவை. விரற்பதிவுகளோ பெயர் சொல்லா. ஆதலின் பெயர்ப்பட்டியல் ஒன்றை நல்ல தாளில் தெளிவாக எழுதிச் சட்டத்தின் பின்புறம் உறையிலிட்டு வைத்தல் வேண்டும். அப்பட்டியலை எழுதும் பொறுப்பை நம் இளங்கவிஞர் ஒருவர் ஏற்பாராக.