காகித ஆலைக் கழிவுநீர்க் கண்காணிப்பு: கருவி நிற்க வேண்டிய இடம்

கூழ், காகித ஆலைகளின் கழிவுநீரை இணையவழியில் தொடர்ந்து கண்காணிக்கும் முறை இந்தியாவில் பரவலானதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரி 5 அன்று பிறப்பித்த ஆணை காரணம். மிகுதியாக மாசுபடுத்துவன என்று அடையாளம் காணப்பட்ட 17 வகைத் தொழில்களில் காகிதமும் ஒன்று. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நீர் வெளியேறும் வாயிலில் உணரிகளைப் பொருத்தி, நீரோட்டம், பி.எச்., மிதவைத் திண்மங்கள், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (பி.ஓ.டி.), வேதி ஆக்சிஜன் தேவை (சி.ஓ.டி.) ஆகியவற்றை வாரியத்தின் சர்வருக்கு இடைவிடாமல் அனுப்ப வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம். பரியாவரண் சுரக்‌ஷா சமிதி வழக்கில் 2017 பிப்ரவரி 22 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய அளவுகளை மாநில வாரியங்கள் தங்கள் தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வழி செய்ய வேண்டும் என்றது. கருவி தேவை என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது உண்மையில் எதை அளக்கிறது, எந்த இடத்தில் நின்று அளக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் விடை சரியாக அமையவில்லை.

முதல் கேள்விக்குக் காகித ஆலைக் கழிவுநீரின் இயல்பு தெரிய வேண்டும். மரத்தையோ கரும்புச் சக்கையையோ காரத்தில் வேகவைத்து நாரைப் பிரித்தெடுக்கும்போது, நாரைப் பிணைத்திருந்த லிக்னின் கரைந்து கறுப்புத் திரவமாக வெளியேறுகிறது. ஆலைகளில் பிளாக் லிக்கர் என்பார்கள். அதில் பெரும்பகுதி ஆவியாக்கிகளில் கெட்டிப்பட்டு, மீட்புக் கொதிகலனில் எரிக்கப்பட்டு, காரம் மீட்கப்படுகிறது. கூழைக் கழுவும் நீரிலும், வெளுப்புப் பிரிவிலும், பம்புகளின் கசிவிலும் தப்பிவரும் மிச்சமே கழிவுநீருக்குப் பழுப்பு நிறம் தருகிறது. காகித எந்திரத்திலிருந்து வரும் நீரில் நுண்ணிய நார், சுண்ணாம்புத் தூள், ஸ்டார்ச் ஆகியவை இருக்கும். ஆவியாக்கியில் குளிர்ந்து சொட்டும் நீரில் மெத்தனால் இருக்கும். பார்வைக்கு அது குடிநீர் போலத் தெளிவாக இருக்கும்.

இவற்றின் மாசுச் சுமையை ஆய்வகம் அளக்கும் முறை நிதானமானது. சி.ஓ.டி.க்கு நீர் மாதிரியை டைகுரோமேட், கந்தக அமிலத்துடன் இரண்டு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். பி.ஓ.டி.க்கு இந்தியத் தர முறைப்படி 27 பாகை செல்சியஸில் மூன்று நாள் வைத்திருந்து, நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்றன என்று பார்க்க வேண்டும். வாயிலில் நிற்கும் உணரி சில நிமிடங்களுக்கு ஒரு முறை எண் தருகிறது. மூன்று நாள் சோதனையைச் சில நிமிடங்களில் செய்ய எந்தக் கருவியாலும் முடியாது. பரவலாகப் பயன்படும் உணரிகள் செய்வது வேறு வேலை: நீரினூடே புற ஊதா ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கின்றன. அந்த அளவை, முன்பு அதே ஆலையின் நீரை ஆய்வகத்தில் சோதித்துக் கிடைத்த சி.ஓ.டி., பி.ஓ.டி. எண்களோடு ஒரு சமன்பாட்டால் இணைத்துத் திரையில் காட்டுகின்றன. திரையில் 'பி.ஓ.டி. 24' என்று தெரிவது ஒரு மதிப்பீடு. அளக்கப்பட்டது ஒளி மட்டுமே.

மதிப்பீடு என்பதாலேயே அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. உறவு நிலையாக இருக்கும்வரை மறைமுக அளவீடு நன்றாகவே உழைக்கும். ஆனால் காகித ஆலையில் அந்த உறவே வழுக்குகிறது. லிக்னினின் வளையக் கட்டமைப்பு 280 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது. சர்க்கரை, ஸ்டார்ச், அசெட்டிக் அமிலம், மெத்தனால் ஆகியவை அந்த ஒளியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. நுண்ணுயிர்கள் உடனே தின்று ஆக்சிஜனை இழுப்பது இந்த இரண்டாம் கூட்டத்தை. லிக்னினை அவை எளிதில் தொடுவதில்லை. அதாவது, பி.ஓ.டி.யை உண்டாக்கும் பொருள்களில் பெரும்பாலானவை உணரியின் கண்ணுக்குத் தெரியாதவை. உணரிக்கு நன்றாகத் தெரியும் பொருளோ பி.ஓ.டி.யில் சிறு பங்கே வகிப்பது. மற்றத் தொழில்களில் இது ஒரு சிறு பிழையாக இருக்கலாம். காகிதத் தொழிலில் இது அடிப்படைக் குறை.

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் மூலப்பொருள்களைப் பார்த்தாலே சிக்கலின் அளவு புரியும். 1979-இல் நிறுவப்பட்ட இந்த ஆலை கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது. அங்கே மரக்கூழும் உண்டு. அச்சு மை நீக்கப்பட்ட பழைய தாளின் கூழும் உண்டு. சர்க்கரை ஆலைகளில் அரவை சில மாதங்களே நடப்பதால் சக்கையை ஈரமாக மலைபோல் குவித்து வைத்துப் பிறகு பயன்படுத்துகிறார்கள். குவியலில் எஞ்சிய சர்க்கரை புளித்து அமிலமாகிறது. சக்கையைக் கழுவிய நீரில் பி.ஓ.டி. மிக அதிகம், அதைத் தனியே பிரித்து, காற்றில்லாக் கலன்களில் நொதிக்க வைத்து எரிவாயு எடுக்கும் அளவுக்கு அதிகம். இப்படிச் சக்கை, மரம், பழைய தாள் மூன்றையும் கையாளும் எந்த ஆலையிலும், மரக்கூழ் மிகுந்த வாரத்தில் போட்ட சமன்பாடு சக்கை மிகுந்த வாரத்துக்குப் பொருந்தாது. பழைய தாளை மட்டும் நம்பி ஓடும் நடுத்தர ஆலைகளில் நிலைமை இன்னும் மோசம்: லிக்னின் குறைவு, ஸ்டார்ச் மிகுதி. கருவி விற்பவர் வேறோர் ஆலையின் சமன்பாட்டை அப்படியே ஏற்றிக் கொடுத்துவிட்டால், திரையில் வரும் எண்ணுக்கும் அந்த ஆலையின் நீருக்கும் தொடர்பே இருக்காது.

இதோடு கருவியின் அன்றாடத் தொல்லைகள் சேர்கின்றன. உணரியின் ஒளிச் சாளரத்தில் நுண்ணுயிர்ப் பாசி படிகிறது; சுண்ணாம்புச் செதில் ஒட்டுகிறது; நார் சுற்றிக்கொள்கிறது. அழுக்குப் படிந்த சாளரம் ஒளியை மறைப்பதால், நீர் கெட்டுவிட்டதுபோல எண் மெல்ல ஏறும். அழுத்தக் காற்றாலோ துடைப்பானாலோ தானாகச் சுத்தம் செய்யும் அமைப்பு இருந்தாலும், செதிலை நீக்க வாரம் ஒருமுறையாவது ஒருவர் உணரியை வெளியே எடுத்து நீர்த்த அமிலத்தில் கழுவ வேண்டியிருக்கும். அந்த ஒருவரின் கையில்தான் முழு ஏற்பாட்டின் நம்பகமும் இருக்கிறது. சர்வரில் பதிவாகும் எண்களைவிட, எப்போது கழுவினார், எந்தத் திட்டக் கரைசலில் சோதித்தார் என்ற குறிப்பேடு ஓர் ஆய்வாளருக்கு அதிகம் சொல்லும். ஆனால் பொதுமக்கள் பார்வைக்கு வருவது எண் மட்டுமே.

அளக்க வேண்டியவற்றில் விட்டுப்போனவையும் உண்டு. குளோரின் சேர்மங்களால் கூழை வெளுக்கும்போது உருவாகும் கரிமக் குளோரின் பொருள்கள் (ஏ.ஓ.எக்ஸ்.) காகிதத் தொழிலில் கவனிக்க வேண்டிய நச்சு. 2003-இல் வாரியமும் தொழில்துறையும் ஒப்புக்கொண்ட பொறுப்பேற்புச் சாசனம் அதைப் படிப்படியாக ஒரு டன் காகிதத்துக்கு 1 கிலோவாகக் குறைக்கச் சொன்னது. அதை அளக்க நீரைக் கிளர்வூட்டிய கரியில் ஏற்றி, கரியை எரித்து, வெளிவரும் ஹாலைடை அளக்க வேண்டும்; வாயிலில் தொங்கவிடும் உணரியால் ஆகாத வேலை. சுத்திகரித்த நீரை வயலுக்குப் பாய்ச்சும் ஆலைகளில் இன்னொரு குறை தெரிகிறது. காரத்தில் வேகவைக்கும் தொழிலின் உயிர்நாடி சோடியம்; மண்ணின் நீருட்புகும் தன்மையைக் கெடுப்பதும் அதே சோடியம். பாசன நீருக்கு மத்திய வாரியம் வகுத்த வரையறை மின்கடத்துதிறனைச் சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோமோவுக்குள்ளும், சோடியம் உறிஞ்சு விகிதத்தை 26-க்குள்ளும் நிறுத்துகிறது. மின்கடத்துதிறன் உணரி விலை குறைவு, பராமரிப்பு எளிது, பிழை சிறிது. அப்படியிருந்தும் சர்வருக்குப் போகும் முதன்மைப் பட்டியலில் பி.ஓ.டி. என்ற ஊகம் முன்னிற்கிறது; உழவருக்கு வேண்டிய எண் பின்தங்குகிறது.

இரண்டாவது கேள்வி இடம் பற்றியது. கழிவுநீர் முதல்நிலைத் தெளிவிப்பானில் சில மணி நேரமும், காற்றூட்டத் தொட்டியில் ஒரு நாளை ஒட்டிய நேரமும், இரண்டாம் தெளிவிப்பானில் மேலும் சில மணி நேரமும் தங்கியே வெளியே வருகிறது. திங்கள் காலை கறுப்புத் திரவத் தொட்டி ஒன்று நிரம்பி வழிந்தால், கடைசி வாயிலின் உணரி அதைச் சொல்ல ஒன்றரை நாள் ஆகலாம். அதற்குள் காற்றூட்டத் தொட்டியின் நுண்ணுயிர்க் கூட்டம் அடிபட்டுவிடும். லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராமைத் தாண்டும் சி.ஓ.டி. கொண்ட திரவம் அது. சில கனமீட்டர் போதும். அடிபட்ட நுண்ணுயிர்கள் மீண்டும் பெருக நாள்கள் பிடிக்கும். வாயிலில் எச்சரிக்கை மணி அடிக்கும்போது, செய்ய வேண்டியதைச் செய்யும் நேரம் கடந்திருக்கும்.

அதே வழிதலை ஆலைக்குள், கூழ்ப் பிரிவின் கழிவு வாய்க்காலில் வைத்த மின்கடத்துதிறன் உணரி சில நொடிகளில் காட்டிவிடும். கறுப்புத் திரவத்தின் உப்புச் செறிவு வழக்கமான வாய்க்கால் நீரைவிடப் பல மடங்கு. எண் எகிறியதும் வால்வு தானே திரும்பி, திரவத்தை மீட்புத் தொட்டிக்கு அனுப்பலாம். காரமும் எரிபொருளும் மிச்சமாகும். சுத்திகரிப்பு நிலையமும் தப்பும். இந்த உணரிக்கும் குருட்டுப் பகுதி உண்டு: மெத்தனால் கலந்த ஆவியாக்கி நீரில் உப்பு இல்லாததால் அது தெரியாது. அங்கே மொத்தக் கரிமத்தை எரித்தளக்கும் கருவி வேண்டும். விலையும் பராமரிப்பும் கூடுதல் என்பதால் ஆலைகள் தயங்குவது புரிந்துகொள்ளத் தக்கதே. காற்றூட்டத் தொட்டியின் கரைந்த ஆக்சிஜன் உணரியைப் பற்றி இந்தத் தயக்கம் கிடையாது. சுமை கூடினால் ஆக்சிஜன் உடனே இறங்கும், குறைந்தால் ஏறும்; அதைப் பார்த்து ஊதுகருவிகளை ஓட்டினால் மின்கட்டணம் குறையும். எந்த வாரியமும் கேட்காமலே ஆலைகள் ஒழுங்காகப் பராமரிக்கும் உணரி அதுதான். ஆதாயம் தரும் கருவி அழுக்கேறாது.

அமெரிக்கா இந்த இடத்தை வேறு விதமாகக் கையாண்டது. 1998 ஏப்ரல் 15 அன்று வெளியான காகிதத் தொழில் விதித்தொகுப்பில், கறுப்புத் திரவம், சோப், டர்பன்டைன் ஆகியவற்றின் கசிவைக் கட்டுப்படுத்தும் தனிப் பகுதி உண்டு. சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழையும் நீரின் கரிமச் சுமையை ஆலை நாள்தோறும் அளக்க வேண்டும். ஏழு நாள் ஓடு சராசரிகளை வரிசைப்படுத்தி, 75-ஆம் சதமானத்தைக் கீழ் எல்லையாகவும் 90-ஆம் சதமானத்தை மேல் எல்லையாகவும் கொள்ள வேண்டும். கீழ் எல்லை மீறினால் காரணம் தேட வேண்டும். மேல் எல்லை மீறினால் பழுதைச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்யும் நடவடிக்கையை எடுத்தால், எல்லை மீறியது மட்டுமே குற்றமாகாது. எல்லை அந்தந்த ஆலையின் சொந்த வரலாற்றிலிருந்து பிறப்பதால் கடன் வாங்கிய சமன்பாட்டுக்கு இடமில்லை. மீறலே தண்டனையைக் கொண்டுவராததால் எண்ணை மறைக்கும் தூண்டுதலும் குறைவு. கடைசி வாயிலில் மட்டும் உணரியை நிறுத்தி, மீறினால் நோட்டீஸ் என்று வைத்தால், உணரியை நல்ல தண்ணீரில் முக்கி வைக்கும் ஆசைக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

வாயிலில் இருப்பதை எடுத்துவிட வேண்டும் என்பது இதன் பொருளல்ல. ஓட்டம், பி.எச்., மின்கடத்துதிறன், கலங்கல் ஆகியவை அங்கே நேரடியாக அளக்கப்படுபவை. அவை தொடர்ந்து வாரியத்துக்குப் போகட்டும். பி.ஓ.டி. என்ற மதிப்பீட்டு எண்ணோடு அதன் மூல ஒளி அளவும், பயன்படுத்திய சமன்பாட்டின் தேதியும், அந்த வாரம் ஓடிய மூலப்பொருளும் சேர்ந்தே பதிவாக வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவாயிலிலும் கூழ்ப் பிரிவின் வாய்க்காலிலும் உணரிகளைக் கட்டாயமாக்கி, அந்த எண்களைத் தண்டனையிலிருந்து விலக்க வேண்டும்.

சட்டமும் இதற்கு ஒத்துப்போகிறது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, நீதிமன்றத்தில் சான்றாக நிற்க வேண்டிய மாதிரியை ஆலைப் பொறுப்பாளருக்கு அறிவிப்புக் கொடுத்து எடுக்க வேண்டும். அவர் கேட்டால் இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையொப்பமிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த நடைமுறையைப் பின்பற்றாத பகுப்பாய்வு முடிவு ஏற்கப்படாது. உணரியின் எண் எங்கே போய் எச்சரிக்கை கொடுத்தாலும், வழக்குத் தொடர வேண்டுமானால் வாரிய அலுவலர் ஆலைக்கு நேரில் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தே ஆக வேண்டும்.