நொடிக்குள் ஆள் நுழைந்த கதை

திருவனந்தபுரம் பாளையத்தை அடுத்த குன்றின்மேல் 1837இல் ஒரு வானாய்வகம் எழுந்தது. கட்டச் சொன்னவர் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் மகாராஜா. பொறுப்பேற்றவர் ஆலப்புழையில் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட். அக்கால வானாய்வகங்களின் அன்றாட வேலை, வானில் வடக்கு தெற்காகப் போகும் உச்சிக்கோட்டை நட்சத்திரம் கடக்கும் நேரத்தைக் குறிப்பது. தொலைநோக்கிக்குள் மெல்லிய இழைகள் செங்குத்தாக இருக்கும். கண் நட்சத்திரத்தில், காது கடிகாரத்தின் டிக்டிக்கில். ஒரு டிக்கில் எங்கே இருந்தது, அடுத்த டிக்கில் எங்கே போனது என்று மனத்தில் வாங்கிக்கொண்டு, இழையைத் தாண்டிய கணத்தைப் பத்தில் ஒரு நொடிவரை சொல்லியாக வேண்டும்.

இதில் கோளாறு இருப்பது ஏற்கெனவே இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் வெளிப்பட்டிருந்தது. அங்கே தலைமை வானியலார் மாஸ்கெலின் குறித்த நேரத்தைவிட உதவியாளர் கின்னிபுரூக் குறித்தது அரை நொடி பிந்தியது. மாஸ்கெலின் கண்டித்துப் பார்த்தார், பிழை 0.8 நொடியாக ஏறியதுதான் மிச்சம். 1796இல் கின்னிபுரூக்குக்கு வேலை போயிற்று.

பிற்பாடு இதைப் படித்த ஜெர்மானிய வானியலார் பெசலுக்கு இது கவனக்குறைவாகப் படவில்லை. 1823இல் தம் மாணவர் ஆர்கெலாண்டரோடு சேர்ந்து ஒரே நட்சத்திரங்களைப் பார்த்தார். இருவருமே தேர்ந்தவர்கள், வித்தியாசமோ 1.2 நொடி! ஆளுக்கு ஆள் நொடி மாறுகிறது. ‘தனியாள் பிழை’ பிறந்தது இப்படித்தான்.

வானியலார் அந்தப் பிழையைக் கணக்கில் கழித்துவிட்டு மேலே போனார்கள். உளவியலார் அதையே பிடித்துக்கொண்டார்கள். கனடாவில் விதர்ஸ்பூனும் ஆலனும் சில சொற்களை முதலில் படிக்கச் சொல்லி, பிறகு திரையில் மின்னல்போலக் காட்டினார்கள். முன்பே படித்த சொல் கூடுதல் நேரம் நின்றதாக மக்கள் சொன்னார்கள். 1985இல் வெளிவந்த முடிவு இது. பழகியது சட்டெனப் பிடிபடுகிறது. இவ்வளவு தெளிவாகத் தெரிந்தால் நிறைய நேரம் இருந்திருக்கும் என்று மனம் தப்புக்கணக்குப் போடுகிறது.

அதே பழக்கம் நேரத்தைச் சுருக்கவும் செய்யும். ஒரே படத்தை அடுத்தடுத்துக் காட்டினால், முதல் முறைதான் நீளமாகத் தோன்றும் என்று நரம்பியலாளர் டேவிட் ஈகிள்மன் குழு 2007இல் காட்டியது. அடுத்து வருவது இன்னதென்று தெரிந்துவிட்டால் மூளை அதற்காக அதிகம் மெனக்கெடுவதில்லை.

இதைச் சோதிக்கத் திருவனந்தபுரத்துக்கே திரும்பலாம். அங்கே பத்மநாபசுவாமி கோயில் எதிரே மேத்தன் மணி என்ற கடிகாரம் இருக்கிறது. மணியடிக்கையில் அதிலுள்ள தாடிக்காரப் பொம்மை வாய் திறக்கும், இரண்டு ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னத்தில் முட்டும். நண்பகலில் போய்ப் பாருங்கள். முதல் முட்டு நிதானமாகவும் மற்றவை அவசரமாகவும் தெரிந்தால், கடிகாரத்தைக் குறை சொல்லாதீர்கள். கின்னிபுரூக்கைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.