கருகிப்போன திரிதடையமும் ஜோசப் ஹென்றியும்



எங்கள் பள்ளித் தோட்டத்திற்குத் தானே நீர் பாய்ச்சும் கருவி ஒன்றை அறிவியல் கழக மாணவர்கள் உருவாக்கினார்கள். மண் காய்ந்தால் நுண்கட்டுப்படுத்தி அதனை உணர்ந்து, 12 வோல்ட்டு மின்கலத்தில் ஓடும் நீரிறைப்பியை முடுக்கிவிடும். இரண்டு நாள் ஒழுங்காக இயங்கியது. மூன்றாம் நாள் இறைப்பி நிற்கவே இல்லை. வெண்டைப் பாத்தி குளமாகிவிட்டது. சோதித்தபோது, திரிதடையம் (டிரான்சிஸ்டர்) பழுதாகிக் கிடந்தது. அதனைப் பற்றவைத்த மாணவனைக் கடிந்துகொண்டேன். புதியது ஒன்றை நானே பொருத்தினேன். அதுவும் மறுநாளே கெட்டுப்போனது. தவறு யாருடையது என்று அறிய, ரிலேயின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

நெடுவழிப் பயணத்தில் களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக்குதிரை பூட்டும் வழக்கத்தோடு தொடர்புடையது ‘ரிலே’ என்னும் சொல். நம் மாணவர்கள் ஓடும் அஞ்சல் ஓட்டத்திலும் இதே கருத்துதான் இருக்கிறது. அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி 1835-ஆம் ஆண்டில் பிரின்ஸ்டனில் இதனை மின்சாரத்தில் செய்து காட்டினார். நீண்ட கம்பி வழியே வந்த மெல்லிய மின்னோட்டம் ஒரு சிறு மின்காந்தத்தை இயக்கும். அது பெரிய மின்காந்தத்தின் சுற்றைத் துண்டிக்கும். உடனே பெரிய காந்தம் பிடித்திருந்த பாரம் தொப்பென்று கீழே விழும். சிறு விசை பெரு விசையை ஆள்வதைக் கண்டு மாணவர்கள் வியந்திருப்பார்கள் அல்லவா?

1844 மே 24-இல் வாசிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்சு அனுப்பிய தந்திக்கும் ரிலே உதவியது. 1941-இல் செருமானியர் கான்ராட் சூசே உருவாக்கிய சட்3 கணினியில் 2000-க்கும் மேற்பட்ட ரிலேக்கள் இருந்தன. 1947 திசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டேனும் திரிதடையத்தை இயக்கிக் காட்டினர். கணினியிலிருந்து ரிலே விடைபெற்றாலும் உலகத்திலிருந்து விடைபெறவில்லை. பெரும் மின்னோட்டத்தைத் தாங்கவும், இரு சுற்றுகளை ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைக்கவும் அது இன்றும் பயன்படுகிறது.

எங்கள் கருவியில் இந்த மூன்று தலைமுறையும் ஒன்றாக நின்றன. நுண்கட்டுப்படுத்தியின் ஒரு முனை ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியரைத்தான் நலமாகத் தரவல்லது. 30 ஆம்பியர் தாங்கும் எங்கள் ரிலேயின் சுருளோ 80 மில்லி ஆம்பியர் கேட்டது. ஆகவே இடையில் திரிதடையம் தேவைப்பட்டது. 5 வோல்ட்டு முனையிலிருந்து 1000 ஓம் தடை வழியாக அதன் அடிவாய்க்கு ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியர் செல்கிறது. சுருளின் 80 மில்லி ஆம்பியரைத் திறந்துவிட அதுவே போதும். கணக்கில் பிழையில்லை. பின் ஏன் கருகியது?

விடையும் ஹென்றியிடமே இருந்தது. நீண்ட கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால் வலிய தீப்பொறி எழுவதை அவர் 1832-இலேயே எழுதி வெளியிட்டிருந்தார். தன்தூண்டல் என்பது இதுதான். அதன் அலகுக்கே ‘ஹென்றி’ என்று பெயர். திரிதடையம் சுருளை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், தேங்கிய காந்த ஆற்றல் வெளியேற வழியின்றி, நூறு வோல்ட்டுக்கும் மேலாகச் சீறி எழக்கூடும். எங்கள் 2என்2222ஏ வகைத் திரிதடையம் தாங்குவதோ 40 வோல்ட்டு. பலமுறை அடிபட்டு, இறுதியில் அது உள்ளே ஒட்டிக்கொண்டது. அதனால்தான் இறைப்பி நிற்காமல் ஓடியது.

தீர்வு சில காசுகளே பெறும் ஓர் இருமுனையம் (டையோடு). 1என்4007 ஒன்றை, கோடிட்ட முனை 12 வோல்ட்டுப் பக்கம் இருக்குமாறு, சுருளுக்குக் குறுக்கே பொருத்தினோம். ஆற்றல் அதன் வழியே சுற்றிவந்து தணிந்துவிடும்.

அந்த இருமுனையம் நான் வரைந்துகொடுத்த படத்தில் இல்லை. மாணவன் படத்தில் உள்ளபடியே பிழையின்றிச் செய்திருந்தான். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைங்க ஐயா, அந்தப் படத்தை இப்பவே திருத்திடலாமா?” என்றான். கரும்பலகையில் வரைந்திருந்த படத்தில் அந்தச் சிறு கோட்டை அவனே சேர்த்தான்.

வெண்டை இப்போது காய்க்கத் தொடங்கியிருக்கிறது.