சீன ஸ்டைல் ஸ்வீட்... சர்க்கரையைக் குறைச்சு வீட்டிலேயே செய்வது எப்படி?

"ரொம்ப இனிப்பா இல்லையே!" - பல சீனக் குடும்பங்களில் ஸ்வீட் சாப்பிட்டவர் இப்படிச் சொன்னால் அது குறை இல்லை, பாராட்டு. அதுக்காக எல்லா சீன ஸ்வீட்டிலும் சர்க்கரை கம்மினு நினைக்க வேண்டாம். ஹாங்காங், குவாங்டாங் பகுதிகளில் பிரபலமான 'டோங் சுய்' வகை இனிப்பு சூப்களின் பெயருக்கு அர்த்தமே 'சர்க்கரைத் தண்ணீர்'தான்!

எவ்வளவு சர்க்கரை ஓகே?

தினமும் 2,000 கலோரி எடுப்பவருக்கு, சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 25 கிராம் என்பது சுமார் 6 டீஸ்பூன். 4 பேருக்கான சூப்பில் 100 கிராம் கற்கண்டு போட்டால், ஒரே கிண்ணத்தில் அந்த அளவு முடிஞ்சுடும்.

சிவப்பு பீன்ஸ் சூப் (4 பேருக்கு)

* 150 கிராம் அட்சுகி பீன்ஸை இரவு முழுக்க ஊற வையுங்கள். கிடைக்கலைன்னா சிவப்பு காராமணி போதும்.
* ஒன்றரை லிட்டர் தண்ணீர், சிறு துண்டு காய்ந்த ஆரஞ்சுத் தோல் சேர்த்து, பயறு குழையும் வரை வேக விடுங்கள்.
* கற்கண்டு 30 கிராம் மட்டும், கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் பயறு சீக்கிரம் வேகாது.
* ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் இனிப்பு தூக்கலாகத் தெரியும்.

இப்போது ஒரு கிண்ணத்தில் சேர்த்த சர்க்கரை 7.5 கிராம்தான். மிதமான சூட்டில் குடியுங்கள்; ஜில்லுன்னு இருந்தால் இனிப்பு குறைவாகத் தெரியும், இன்னும் சர்க்கரை போடத் தோணும்.

வேற என்ன செய்யலாம்?

டோஃபு புட்டிங்: சோயா பாலில் செய்வது. சர்க்கரை பெரும்பாலும் மேலே ஊற்றும் இஞ்சிப் பாகில்தான் இருக்கு. ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கலாம்.

பாதாம் ஜெல்லி: நம்ம மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று கிடைக்கும் கடல்பாசியே போதும். பால், அரைத்த பாதாம் சேர்த்து உறைய வைத்து, மேலே பழத்துண்டுகள் போடுங்கள்.

இதில் ஏமாறாதீங்க

கற்கண்டு, தேன், நாட்டுச் சர்க்கரை எதுவானாலும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும். ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து. பயறிலும் மாவுச்சத்து உண்டு. அதனால் 'சர்க்கரை குறைவு' என்பதை நம்பி சுகர் உள்ளவர்கள் இரண்டு கிண்ணம் சாப்பிடக் கூடாது. சிறிய கிண்ணம் ஒன்றே போதும். அளவை உங்க டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரேயடியாகக் குறைக்க முடியலையா? ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பூன் குறைங்க. நாக்கு தானா பழகிடும்.