சிங்கப்பூர் உளவுத்துறையும் அதன் மீதான கண்காணிப்பும்

சிங்கப்பூரின் உள்நாட்டு உளவுப் பணி, உள்துறை அமைச்சைச் சேர்ந்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் உள்ளது. 1915 பிப்ரவரியில் இந்தியச் சிப்பாய்கள் இங்கே கிளர்ந்தெழுந்தபோது பிரிட்டிஷார் திகைத்துப்போயினர். அந்த அனுபவத்துக்குப் பின், 1918இல் காவல்துறைக்குள் ஓர் உளவுப் பிரிவு அமைந்தது. 1933இல் அது ஸ்பெஷல் பிராஞ்ச் ஆனது. 1966 பிப்ரவரியில் உள்நாட்டு வேலையும் வெளிநாட்டு வேலையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன.

குடியேற்ற ஆட்சியில்கூட நீதிமன்றத்தால் இந்தப் பிரிவுக்குத் தடைபோட முடிந்தது. 1954 மே மாதம் மலாயாப் பல்கலைக்கழக சோஷலிஸ்ட் கழக மாணவர்கள் 8 பேர், தங்கள் ‘ஃபஜார்’ இதழில் வந்த கட்டுரைக்காக ராஜதுரோக வழக்கில் சிக்கினர், ஆகஸ்டில் விடுதலையாயினர். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் புதுச்சேரி, 1963 பிப்ரவரி 2இல் ‘கோல்ட்ஸ்டோர்’ நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் பிடிபட்டார். இம்முறை வழக்கே இல்லை. கைதுகளை முடிவுசெய்தது பிரிட்டன், சிங்கப்பூர், மலாயா பிரதிநிதிகள் அமர்ந்த உள்நாட்டுப் பாதுகாப்பு மன்றம். அவ்வாண்டு செப்டம்பரில் மலாயாவின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் சிங்கப்பூருக்கும் வந்தது.

ஒருவரை அடைத்துவைக்கக் காரணம் உண்டா என்று நீதிபதிகள் ஆராயலாமா? 1987இல் இச்சட்டத்தின் கீழ் 22 பேர் கைதான பின் இக்கேள்வி கூர்மையடைந்தது. ஆராயலாம் என்று 1988 டிசம்பர் 8இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து நால்வரை விடுவித்தது. அவர்கள் உடனே புதிய ஆணையில் கைதாயினர். தீர்ப்பும் இரண்டு மாதம் தாங்கவில்லை. 1989 ஜனவரியில் சட்ட அமைச்சர் எஸ். ஜெயக்குமார் கொண்டுவந்த திருத்தங்களுக்குப் பின், நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்க்கலாம்.

மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிபர் பதவி 1991இல் உருவானபோது வேறொரு கடிவாளம் வந்தது. மூவர் கொண்ட ஆலோசனை வாரியம் விடுவிக்கச் சொல்லியும் அரசாங்கம் மறுத்தால், அதிபரின் இசைவின்றிக் காவலை நீட்டிக்க முடியாது. மெய்யான தடைதான், ஆனால் பிடிபட்டவருக்கு மட்டுமே உதவும். துறை யாரைக் கவனிக்கிறது, எவ்வளவு செலவிடுகிறது என்பதை, பிரிட்டனில் 1994 முதல் உள்ளதைப்போல் மூடிய கதவுக்குள்ளேனும் ஆராயும் நாடாளுமன்றக் குழு இங்கில்லை. 1999 முதல் 2011 வரை அதிபராயிருந்த எஸ்.ஆர். நாதனோ, 1970களில் வெளிநாட்டு உளவுப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். உள்ளிருந்து அறிந்தவரின் கண் அவசியமே. வெளியாளின் கண்ணுக்கு அது ஈடாகாது.

2008 பிப்ரவரி 27இல் விட்லி ரோடு தடுப்புக்காவல் நிலையக் கழிப்பறை ஜன்னல் வழியே, பயங்கரவாதச் சந்தேகத்தில் அடைக்கப்பட்டிருந்த மாஸ் செலாமாட் கஸ்தாரி தப்பினார். விசாரணை மூடிய அறைக்குள் நடந்தது. முடிவுகளை அமைச்சர் வோங் கான் செங் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். 2013 டிசம்பர் 8இல் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கலவரம் மூண்டபோதோ, முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான குழு பொதுமக்கள் முன்னிலையிலேயே காவல்துறை அதிகாரிகளை விசாரித்தது. சீருடைக் காவலர் அப்படிப் பதில் சொல்ல முடியும் என்றால், உளவுத்துறையின் தவறுகளில் ரகசியம் கெடாத பகுதிக்கேனும் அதே வழி பொருந்தும்.

மலேசியா 2012இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நீக்கியது, சிங்கப்பூர் வைத்துக்கொண்டது. 2021இல் நிறைவேறிய வெளிநாட்டுத் தலையீட்டுத் தடுப்புச் சட்டத்திலும் முறையீடுகள் செல்வது வழக்கமான நீதிமன்றத்துக்கு அல்ல, நீதிபதி ஒருவர் தலைமையிலான மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்கு.