மலை நம்பரும் கொழுந்துச் சுற்றும்

நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் கண்டு சொன்ன பகாங் மேட்டு நிலமாகிய கேமரன் மலையில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார், இலங்கைத் தோட்ட அனுபவம் மிக்க ஏ. பி. மில்னேயைத் துணைக்கொண்டு ‘போ’ தேயிலைத் தோட்டத்தை ஸ்தாபித்தார். தோட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து எண்ணிடுவது தேயிலைத் தொழிலின் பழைய சம்பிரதாயம். இலங்கை மலையகத்துத் தமிழர் இன்றும் ‘ஏழாம் நம்பர் மலை’ என்றே சொல்லுவர்.

அந்த எண்களின் கிரமத்தில்தான் கொழுந்தின் ஜீவன் இருந்தது. அஸ்ஸாமில் குளிர்காலம் வந்தால் செடி உறங்கும். பூமத்திய ரேகையை அண்டிய கேமரன் மலையிலோ அது ஆண்டு முழுவதும் துளிர்ப்பதால், பறிக்கும் சுற்றுக்கு ஓய்வென்பதே இல்லை. முதல் மலையை முடித்து இரண்டாவதற்கு ஏற வேண்டிய ஆட்களைப் பத்தாவதற்கு ஏவிவிட்டால், பத்தாவதில் துளிர் இன்னும் பருவம் எய்தியிராது. இரண்டாவதிலோ மொட்டு விரிந்து, இலை முற்றி, நார் பாய்ந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளவேண்டிய விரலுக்கு வன்மையான தண்டே அகப்படும். ஆகையால் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டில் இன்று எந்த மலை என்று சொல்லுவதும், அன்றைய வேலையை எழுத்தராகிய கிராணி பேரேட்டில் பதிவதும் அற்பக் காரியங்கள் அல்ல. கூடை சுமந்த பெண்களின் கூலியும் அந்த ஏட்டையே நம்பியிருந்தது.

அத்தகைய ஏடுகளை மலைக்கொன்றாகக் கணினிக் கோப்புகளாக்கி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டு, ஒரு ஸ்கிரிப்ட் வாயிலாகக் கூட்டச் சொன்னால், முன்சொன்ன விபரீதமே நேர்கிறது. பெயரை இலக்கம் இலக்கமாக இடமிருந்து ஒப்பிடும் கணினிக்கு 10, 11, 12 ஆகியவை 1-ஐ அடுத்து நிற்கும். 2 அவற்றின் பின்னர்தான் வரும். 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி முதலாக, திரையில் திறக்கும் கோப்புறை எண்மதிப்பின்படி அடுக்கிக் காட்டுவதால், கண்ணுக்குச் சரியாய்த் தோன்றிய வரிசை ஸ்கிரிப்டின் கைக்கு வேறாகப் போய்ச் சேரும். மொத்தத் தொகை மாறாது என்பதால் பிழை எளிதில் வெளிப்படுவதுமில்லை; சுற்றுக்குச் சுற்று விளைச்சலைத் தொடர்ந்து பார்ப்பவர்க்கே கணக்குக் குழம்பும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. பெயரிடும்போதே 01, 02 என்றும், நூறை எட்டுமாயின் 001 என்றும் சுழியம் சேர்த்து நீளத்தைச் சமனாக்கலாம். பழைய கோப்புகளின் பெயரைத் தொடலாகாதெனில், எண்ணை எழுத்தாகக் கொள்ளாது மதிப்பாகவே கொண்டு அடுக்கும்படி ஸ்கிரிப்டுக்கு உத்தரவிடலாம். எதைச் செய்யினும், வேலையை ஏவுமுன் அடுக்கிய பெயர்களை மட்டும் திரையில் வரவழைத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்துவிடுதல் அவசியம்.